‘பிராட்வே பவுண்ட்’ (1992): வானொலி முன் அமர்ந்த குடும்பம் - விவாத இழை

மேடைவிளக்கு (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்க நாடகாசிரியர் நீல் சைமன் தம் இளமைக் காலத்தை அடிப்படையாகக் கொண்டு எழுதிய மூன்று நாடகங்களுள் கடைசி நாடகம் ‘பிராட்வே பவுண்ட்’. நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில், பிராட்ஹர்ஸ்ட் அரங்கில் 1986 டிசம்பரில் அரங்கேறி 756 காட்சிகள் நடந்த அந்நாடகத்தைச் சைமனே தொலைக்காட்சிக்காகத் திருத்தி எழுதினார். பால் போகார்ட் இயக்கிய அப்படத்தை ஏபிசி தொலைக்காட்சி 1992 மார்ச்சில் ஒளிபரப்பியது. முதல் நாடகமான ‘பிரைட்டன் பீச் மெமாயர்ஸ்’ 1986இலும், இரண்டாவதான ‘பிலாக்சி புளூஸ்’ 1988இலும் திரையரங்குகளுக்கான படங்களாக வந்திருக்க, மூன்றாவது மட்டும் தொலைக்காட்சியோடு நின்றுவிட்டது. இதை ஒரு சறுக்கலாகவே பலரும் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் இவ்விழையைத் தொடங்குகிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. புரூக்ளினின் பிரைட்டன் கடற்கரைப் பகுதியில் ஒரு யூதக் குடும்பம் வாழ்கிறது. யூஜீன், ஸ்டான்லி என்ற இரு சகோதரர்களும் சிபிஎஸ் வானொலிக்கு நகைச்சுவை எழுதும் வாய்ப்புக்காகப் போராடுகிறார்கள். மாடியறையில் அவர்கள் சிரிப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது கீழே பெற்றோரின் மணவாழ்க்கை முறிந்துகொண்டிருக்கிறது. தந்தை ஜாக்குக்கு வேறொரு பெண்ணுடன் தொடர்பு இருந்ததைத் தாய் கேட் அறிந்துகொள்கிறார். தாய்வழித் தாத்தா பென், உடல்நலத்துக்காக ஃபுளோரிடாவின் வெயிலை நாட வேண்டிய தம் மனைவியுடன் போக மறுத்து, பழைய சோசலிசக் கொள்கைகளைப் பற்றிக்கொண்டு மகள் வீட்டிலேயே இருக்கிறார்.

பிள்ளைகள் எழுதிய நகைச்சுவை ஒருநாள் வானொலியில் ஒலிபரப்பாகிறது. குடும்பமே கூடத்தில் கூடிக் கேட்கிறது. வானொலிக்குள் இருக்கும் குடும்பம் தம் குடும்பமே என்று தந்தைக்குத் தோன்றுகிறது. ஊரார் முன் தம்மைக் கேலிப்பொருளாக்கிவிட்டார்கள் என்று அவர் கொதிக்க, நாங்கள் யாரையும் மனத்தில் வைத்து எழுதவில்லை என்று பிள்ளைகள் மறுக்கிறார்கள்.

என் கருத்து இந்தக் காட்சியைப் பற்றியதுதான். ஒரு குடும்பம் தன் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, ஒரு பெட்டியிலிருந்து வரும் குரல்களில் தன்னையே கேட்டு உடைந்துபோகிறது. இதை ஆயிரம் பேருக்கு நடுவே அரங்கத்தில் அமர்ந்து பார்ப்பது ஓர் அனுபவம். நம் வீட்டுக் கூடத்தில், நம் பெற்றோர் பக்கத்தில் இருக்க, இன்னொரு பெட்டியில் பார்ப்பது முற்றிலும் வேறான அனுபவம். இந்த நாடகத்துக்குத் தொலைக்காட்சியே இயல்பான இடம் என்று நான் நினைக்கிறேன். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கடைசிவரிசை

நண்பர் மேடைவிளக்கின் கருத்து அழகானது; ஆனாலும் முழுவதும் ஏற்க எனக்கு இயலவில்லை. இந்நாடகத்தின் உயிர் அதன் மேடையமைப்பில் இருக்கிறது. வீட்டை நெடுக்காக வெட்டிக் காட்டியதைப்போலக் கீழே கூடமும் சாப்பாட்டு மேசையும், மேலே பிள்ளைகளின் படுக்கையறைகளும் ஒரே நேரத்தில் நம் கண்முன் இருக்கும்படி மேடை அமைக்கப்படுகிறது. மாடியில் அண்ணனும் தம்பியும் ஒரு வசனத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ளும்போது, கீழே தாய் ஒன்றும் பேசாமல் மேசையருகே நிற்பதையும் நாம் பார்க்கிறோம். யாரும் யாரையும் பார்க்காத அந்த வீட்டை முழுவதுமாகப் பார்ப்பவர் பார்வையாளர் ஒருவரே. நகைச்சுவையும் துயரமும் ஒன்றையொன்று தொடர்ந்து வருவதில்லை. இரண்டும் ஒரே கணத்தில் ஒரே கூரையின்கீழ் நடக்கின்றன. சைமன் இந்த நாடகத்தில் கண்டடைந்த பெரிய விஷயம் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

ஒளிப்படக்கருவி ஒரு நேரத்தில் ஓர் அறைக்குள்தான் நுழைய முடியும். மாடியைக் காட்டினால் கூடம் மறைகிறது. கூடத்தைக் காட்டினால் மாடி மறைகிறது. ஆகவே மேடையில் ஒருங்கே நடந்தது, திரையில் முதலில் இது, பிறகு அது என்று வரிசையாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, வணிகத் தொலைக்காட்சியில் விளம்பர இடைவெளி போக எஞ்சும் நேரத்துக்குள் இரண்டு அங்கங்கள் கொண்ட முழுநீள நாடகத்தை அடக்க வேண்டியிருக்கிறது. சைமன் தம் கையாலேயே சுருக்கினார் என்பது ஆறுதல்தான். இருந்தாலும் மேடையில் மௌனத்துக்குக் கிடைத்த அவகாசம் இங்கே கிடைக்கவில்லை.

பவளமல்லி

மேடையில் முழு வீட்டையும் பார்க்கிறோம் என்பது உண்மை. ஆனால் கடைசி வரிசையில் இருப்பவருக்குக் கேட்டின் முகம் தெரியாது, நண்பரே. நான் இந்தப் படத்தைப் பார்த்ததே அந்த முகத்துக்காகத்தான்.

யூஜீன் எப்படி எழுத்தாளரானார் என்பதுதான் இந்நாடகத்தின் கதை என்று அறிமுகங்கள் எல்லாம் எழுதுகின்றன. என் பார்வையில் இது கேட்டின் கதை. முதல் நாடகத்தில் அவர் பதினைந்து வயதுச் சிறுவனின் கண்ணுக்குத் தெரிந்த அம்மா: ஓயாமல் ஏவுகிறவர், கடைக்கு விரட்டுகிறவர். மூன்றாவது நாடகத்தில் அதே பிள்ளை வளர்ந்து, தாய்க்கு முன்பே ஒரு வாழ்க்கை இருந்தது என்பதை முதன்முறையாக உணர்கிறார். இளம்பெண்ணாக இருந்தபோது ஒரு நடனக் கூடத்தில் ஜார்ஜ் ராஃப்டோடு ஆடிய கதையைக் கேட் மகனிடம் சொல்கிறார். ராஃப்ட் பின்னாளில் ஹாலிவுட்டின் பெரும் நட்சத்திரமானவர். அதற்கு முன்பு நியூயார்க் நடனக் கூடங்களில் ஆடிப் பிழைத்தவர். ஆகவே புரூக்ளின் இல்லத்தரசி ஒருவர் ஒருகாலத்தில் அவரோடு ஆடியிருப்பது நம்ப முடியாத கற்பனை அன்று. கதையைக் கேட்ட மகன் தன்னோடு ஆடும்படி தாயை அழைக்கிறார். சாப்பாட்டு மேசையைச் சுற்றியுள்ள சிறிய இடத்தில் தாயும் மகனும் ஆடுகிறார்கள். நாடகத்தின் உச்சம் அதுவே.

மேடையில் இந்தப் பாத்திரத்துக்காக லிண்டா லாவின் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது பெற்றார். படத்தில் நடித்தவர் ஆன் பான்கிராஃப்ட். கதை சொல்லத் தயங்கும் பெண்ணாகத் தொடங்கி, சொல்லச் சொல்ல வயது கரைந்து, ஆட அழைக்கும்போது கூச்சமும் ஆசையும் ஒன்றாக எழும் அந்த மாற்றத்தை அண்மைக் காட்சியில்தான் முழுமையாகக் காண முடியும். வீட்டின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை இழந்து இந்த முகத்தைப் பெற்றோம் என்றால், அந்த இழப்பை நான் ஏற்றுக்கொள்வேன்.

இன்னொரு செய்தியும் உண்டு. பால் போகார்ட் இயக்கிய ‘டார்ச் சாங் ட்ரைலஜி’ (1988) படத்திலும் தாயாக நடித்தவர் பான்கிராஃப்ட். அதுவும் ஒரு நாடகத்தின் திரைவடிவம். அங்கும் மகனோடு நேருக்கு நேர் மோதும் யூதத் தாய் அவர். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். அங்கே வெளிப்படையாக வெடித்த கோபம் இங்கே உதட்டுக்குள் அடங்கியிருக்கிறது.

வானொலிப்பெட்டி

இது எவ்வளவு தூரம் தன்வரலாறு என்ற கேள்வி எப்படியும் எழும் என்பதால், தெரிந்த செய்திகளைச் சேர்த்து வைக்கிறேன்.

சைமன் பிறந்தது 1927 ஜூலை 4இல், பிராங்க்ஸ் பகுதியில். வளர்ந்தது மன்ஹாட்டனின் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியில். பிரைட்டன் கடற்கரை அவருடைய வீடு அன்று. நாடகத்துக்காகத் தேர்ந்தெடுத்த இடம். ஆனால் வீட்டுக்குள் நடப்பவற்றில் பெரும்பகுதி அவருடையதே. துணித் தொழிலில் விற்பனையாளராக இருந்த தந்தை குடும்பத்தைவிட்டுப் போவதும் திரும்புவதுமாகவே இருந்ததைச் சைமன் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். நாடகத்தின் ஸ்டான்லி, அவரைவிட எட்டு வயது மூத்த அண்ணன் டேனி சைமன். இருவரும் இணைந்து முதலில் சிபிஎஸ் வானொலிக்கும், பிறகு தொலைக்காட்சிக்கும் எழுதினார்கள். தொலைக்காட்சி நகைச்சுவை நடிகர் சிட் சீசரின் நிகழ்ச்சிக்கு எழுதிய புகழ்பெற்ற குழுவிலும் இருந்தார்கள்.

நாடகத்தில் ஸ்டான்லி தம்பிக்குப் பாடம் நடத்தும் காட்சி நினைவிருக்கும். ஒருவருக்கு ஏதோ ஒன்று வேண்டும், அதை இன்னொருவர் தடுக்க வேண்டும், இந்த மோதல் இல்லாமல் நகைச்சுவையே கிடையாது என்பது அப்பாடத்தின் சாரம். அது வெறும் நாடக வசனம் அன்று. டேனி சைமன் பிற்காலத்தில் நகைச்சுவை எழுத்தைக் கற்பிக்கும் ஆசிரியராகவே அறியப்பட்டவர். தாம் அத்தொழிலைக் கற்றது டேனியிடம்தான் என்று வுடி ஆலன் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ‘தி ஆட் கப்புள்’ (1965) நாடகத்தின் கருவும் டேனியின் வாழ்க்கையிலிருந்து வந்ததே. மணமுறிவுக்குப் பிறகு, தம்மைப்போலவே மனைவியைப் பிரிந்த நண்பரோடு ஒரே வீட்டில் வாழ்ந்த அனுபவத்தை டேனி எழுதத் தொடங்கி நிறுத்திவிட, தம்பி அதை நாடகமாக்கினார். சைமன் முதன்முதலில் பிராட்வேயில் அரங்கேற்றிய ‘கம் புளோ யுவர் ஹார்ன்’ (1961) நாடகமும் இரண்டு சகோதரர்களைப் பற்றியதுதான்.

பவளமல்லி பான்கிராஃப்டைப் பற்றி எழுதியதால் இதையும் சொல்கிறேன். அவருடைய கணவர் மெல் புரூக்ஸ், சிட் சீசரின் எழுத்துக் குழுவில் சைமன் சகோதரர்களோடு ஒரே அறையில் அமர்ந்து எழுதியவர். அந்தச் சகோதரர்கள் அந்த அறைக்குள் நுழைவதற்கு முன்பிருந்த வீட்டைப் பற்றிய படத்தில், அவர்களுடைய தாயாக நடித்திருப்பவர் அவர்களுடைய சக எழுத்தாளரின் மனைவி. பாத்திரத்துக்கு ஆள் தேடியவர்கள் இதை எண்ணித்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை; பார்க்கும்போது எனக்கு இது நினைவிலிருந்து விலகவில்லை, அவ்வளவே.

மேடைவிளக்கு

வானொலிப்பெட்டிக்கு மிக்க நன்றி. நடிகர் தேர்வைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும்.

ஜோனதன் சில்வர்மேன் ‘பிரைட்டன் பீச் மெமாயர்ஸ்’ திரைப்படத்தில் சிறுவன் யூஜீனாக நடித்தார். பிராட்வே மேடையில் ‘பிராட்வே பவுண்ட்’ அரங்கேறியபோதும் யூஜீன் அவரே. அப்போது அண்ணன் ஸ்டான்லியாக நடித்தவர் ஜேசன் அலெக்சாண்டர். ஆனால் 1992இன் தொலைக்காட்சிப் படத்தில் சில்வர்மேன் ஸ்டான்லியாகிவிட்டார். யூஜீனாக வந்தவர் கோரி பார்க்கர். இந்தப் பார்க்கர் ‘பிலாக்சி புளூஸ்’ படத்தில், மேத்யூ பிராடரிக் நடித்த யூஜீனுக்கு எதிரே, யாருக்கும் வளைந்துகொடுக்காத எப்ஸ்டைன் என்ற படைவீரராக நடித்தவர். அதாவது, மூன்று படங்களையும் வரிசையாகப் பார்ப்பவருக்கு முகங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒரு படத்தில் தம்பியாக இருந்தவர் இன்னொன்றில் அண்ணன்.

இது குழப்பம் என்று குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கோ இது படத்துக்குக் கிடைத்த எதிர்பாராத வரமாகத் தெரிகிறது. ஸ்டான்லியின் பதற்றத்தையும், தம்பியின் திறமை தன்னுடையதைவிடப் பெரிது என்று உள்ளுக்குள் அறிந்த ஒருவரின் உழைப்பையும் சில்வர்மேன் நடிக்கும்போது, தம்பியின் வசனங்களை எல்லாம் மனப்பாடமாக அறிந்த ஒருவர் அண்ணனாக நிற்கிறார் என்பதை மறக்க முடியவில்லை. அந்த அன்பில் ஒரு விட்டுக்கொடுத்தல் இருக்கிறது.

ஈரமண்

இவ்விழையை ஆரம்பம் முதல் படித்துவருகிறேன். எனக்குப் படக்கலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தந்தையின் குற்றச்சாட்டைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு நான் எழுதிய சிறுகதை ஒன்று ஒரு சிற்றிதழில் வெளிவந்தது. அதில் கடன் வாங்கிக்கொண்டே இருக்கும் ஒரு பெரியவர் வருவார். வாசித்தவர்கள் சிரித்ததாகச் சொன்னார்கள். என் பெரியப்பா அதைப் படித்துவிட்டு, என்னிடம் எதுவும் கேட்காமல், எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். நான் அவரை நினைத்து எழுதவில்லை என்று அம்மாவிடம் சத்தியம் செய்தேன். எழுதும்போது அதை நானே நம்பவும் செய்தேன். பின்னாளில் அக்கதையைத் திரும்பப் படித்தபோதுதான், அந்தப் பெரியவர் துண்டை உதறித் தோளில் போடும் விதம்கூட அவருடையதே என்று கண்டேன். அதற்குள் அவர் இறந்திருந்தார்.

ஜாக் தம் பிள்ளைகள்மீது பாயும்போது, பிள்ளைகள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. வீட்டில் கேட்ட பேச்சு கைவழியாக வந்துவிடுகிறது. அது யாருடைய பேச்சு என்பது கேட்பவருக்கு உடனே தெரிகிறது, எழுதியவருக்குக் கடைசியாகத்தான் தெரிகிறது. தம்மைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் அந்தக் கேள்வியை, ஐம்பத்தொன்பது வயதில் சைமன் தந்தையின் வாயில் வைத்து எழுதியிருக்கிறார். அதற்காகவே இந்நாடகத்தை மதிக்கிறேன்.

நடுப்பகல்

ஈரமண் எழுதியதைப் படித்தபின் சற்று நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஜாக்காக நடித்த ஜெர்ரி ஆர்பாக்கைப் பற்றி ஒருவரும் இன்னும் சொல்லவில்லை. அந்தக் குற்றச்சாட்டுக்கு வலிமை வந்ததே அவரால்தான். மனைவிக்குத் துரோகம் செய்தவர் என்று பார்வையாளர் ஏற்கெனவே தீர்ப்பளித்துவிட்ட மனிதர், பிள்ளைகளிடம் மட்டும் நியாயத்தின் பக்கம் நிற்கிறார். அவமானம், வயது, ஆண்டுக்கணக்கில் துணி வெட்டிச் சலித்த வாழ்க்கை எல்லாம் சேர்ந்து வெளிப்படும் அந்தக் கோபத்தை ஆர்பாக் கெஞ்சலாக ஆக்குவதில்லை. இரக்கம் வேண்டி முகத்தைத் திருப்புவதும் இல்லை. சைமனின் எழுத்து அவருக்குப் புதிதன்று. ‘பிராமிசஸ், பிராமிசஸ்’ இசைநாடகத்தில் நாயகனாக நடித்து 1969இல் டோனி விருது பெற்றவர். ‘சாப்டர் டூ’ நாடகத்திலும் நடித்தவர். சைமனின் வேகமான வசனத்தைத் தெரிந்தவரால்தான் அதை இவ்வளவு மெதுவாகவும் சொல்ல முடிந்திருக்கிறது.

கடைசிவரிசை

பவளமல்லிக்கு: கேட்டின் முகத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். நடனக் காட்சியில் எனக்கு மேடை நினைவுக்கு வரவே இல்லை. வீடு ஒரே நேரத்தில் தெரிய வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. அந்த ஒரு காட்சியில் வீடே தேவைப்படவில்லை என்பதும் உண்மை.

தாத்தா பென்னாக நடித்த ஹியூம் குரோனினைப் பற்றி இங்கே தனியாகப் பேச வேண்டும். மேடையில் அந்தப் பாத்திரத்துக்கு ஜான் ராண்டால்ஃப் டோனி பெற்றார்; படத்தில் குரோனின் தொலைக்காட்சிக்கான எம்மி விருது பெற்றார். பென் ரஷ்யப் புரட்சியாளர் ட்ராட்ஸ்கியை மதிப்பவர். முதல் நாடகத்தில், கணவரை இழந்து இரண்டு பெண்பிள்ளைகளோடு அக்கா கேட்டின் வீட்டில் ஒண்டியிருந்த பென்னின் இளைய மகள் பிளாஞ்ச் இப்போது செல்வரை மறுமணம் செய்து வசதியாக வாழ்கிறார். படத்தில் அவராக நடித்தவர் மிஷெல் லீ. மகளின் பணம் தந்தைக்குக் கொள்கைப் பகையாகிவிட்டது. தாயோடு ஃபுளோரிடாவில் போய் இருங்கள் என்று அவர் கேட்பதும் பென்னின் காதுகளில் முதலாளித்துவத்தின் அழைப்பாகவே விழுகிறது.

வேடிக்கையாகத் தோன்றும் இந்த நிலையைக் குரோனின் வேடிக்கையாக நடிக்கவில்லை. பேரன்களின் நகைச்சுவையைக் கேட்டுவிட்டு, இதில் சமூகத்தைப் பற்றி என்ன இருக்கிறது என்று கேட்பவர் அவர். வாய்விட்டுச் சிரிக்காத அவரைச் சிரிக்கவைக்க முடியாமல் பேரன்கள் திணறுகிறார்கள். ஆனால் கொள்கையின் பின்னே அவர் மறைத்துவைத்திருப்பது வேறு: மனைவியோடு சேர்ந்து வாழும் துணிவு அவரிடம் தீர்ந்துவிட்டது. மனைவியைவிட்டு விலகி நிற்கும் ஆண்கள் அந்த வீட்டில் இருவர். மருமகன் வேறொரு பெண்ணைக் காரணமாக வைத்திருக்கிறார்; மாமனார் புரட்சியைக் காரணமாக வைத்திருக்கிறார். இருவருக்கும் சோறு போடுகிறவர் கேட். படத்தின் நெருங்கிய அறைகளில் பார்த்தபோதுதான் இந்த இணை எனக்குப் புலப்பட்டது. இதைச் சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

வானொலிப்பெட்டி

கடைசிவரிசை சொன்ன அந்த இணையைப் படித்தபின் ஒரு செய்தியைச் சேர்க்கத் தோன்றுகிறது. 2009இல் பிராட்வேயில் ‘பிரைட்டன் பீச் மெமாயர்ஸ்’ நாடகத்தையும் ‘பிராட்வே பவுண்ட்’ நாடகத்தையும் ஒரே அரங்கில் மாறி மாறி நடத்தத் திட்டமிட்டார்கள். கேட்டாக லாரி மெட்கால்ஃப் நடித்தார். முதல் நாடகம் அக்டோபர் 25இல் அரங்கேறி, டிக்கெட் விற்பனை போதாமல் நவம்பர் 1இல் நிறுத்தப்பட்டது. இரண்டாவது திரை விலகாமலே கைவிடப்பட்டது. சிறுவன் கண்ட அம்மாவையும் வளர்ந்த மகன் கண்ட அம்மாவையும் ஒரே நடிகையிடம் ஒரே வாரத்தில் பார்க்கும் வாய்ப்பு அப்படியே போயிற்று. திரையில் அந்த இரண்டு கேட்களும் வெவ்வேறு நடிகைகள்: 1986இல் பிளைத் டேனர், 1992இல் பான்கிராஃப்ட்.

பவளமல்லி

டேனரின் கேட்டையும் நான் பார்த்திருக்கிறேன். நல்ல நடிகைதான். ஆனால் அவருடைய கேட், நடனக் கூடத்துக்குப் போயிருக்கக்கூடியவராக எனக்குத் தெரியவில்லை. அது அவருடைய குறையன்று. முதல் நாடகத்தின் சிறுவனுக்கு அது தெரியவே தெரியாது.

கேட்டின் சாப்பாட்டு மேசையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். பிறந்த வீட்டுவழி வந்த அந்த மேசையைக் கேட் பொக்கிஷமாகப் பேணுகிறார். பிள்ளைகள் இருவரும் வேலை கிடைத்து நகரத்துக்குப் போகிறார்கள். கணவரும் போய்விடுகிறார். நாடகம் முடியும்போது அவருக்கு எஞ்சியிருப்பது அந்த வீடும் அந்த மேசையும். ஆட்கள் நிறைந்த வீட்டில் அதை மெருகேற்றும்போது அது வேலை. ஆட்கள் போனபிறகு அதே துணியால் அதே மரத்தைத் தேய்ப்பதை என்னவென்று சொல்வது? இதற்காகவாவது மேடையின் பெரிய வீடு வேண்டும் என்று கடைசிவரிசை சொல்லக்கூடும். அந்த இடத்தில் நானும் அவரோடு உடன்படுவேன்.

மேடைவிளக்கு

உடன்படுங்கள், நானும் அந்த இடத்தை அவருக்கு விட்டுத்தருகிறேன். வானொலிக் காட்சியை மட்டும் என்னால் விட்டுத்தர முடியாது.

நேற்றிரவு அப்பகுதியை மறுபடியும் பார்த்தேன். ஈரமண் எழுதியதைப் படித்திருந்ததால், இம்முறை ஆர்பாக்கை மட்டும் கவனித்தேன். வானொலியில் சிரிப்பொலி எழும் ஒவ்வொரு முறையும் பிள்ளைகளின் முகம் மலர்கிறதா என்று பார்ப்பதற்குப் பதிலாக, தந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் அப்பா பக்கத்து நாற்காலியில் இருந்தார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாது. அந்த மனிதர் ஏன் கோபப்படுகிறார் என்று கேட்டார். அவருடைய பிள்ளைகள் வானொலியில் எழுதியது தம்மைப் பற்றித்தான் என்று நினைக்கிறார் என்றேன். தம்மைப் பற்றித்தானா என்று கேட்டார். ஆம் என்றேன். பிறகு முடியும்வரை அவரும் எழுந்திருக்கவில்லை.